ஆறு போர்டு, ஒரு கதவு

அடுத்த முறை வாலாஜாபேட்டை பக்கம் போனால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சூடாக ஒரு டீ குடித்துவிட்டு, பஜார் பக்கம் நடந்தபடியே எத்தனை வங்கி போர்டு கண்ணில் படுகிறது என்று எண்ணுங்கள். என் சித்தப்பா மகனின் பட்டறைக்குப் போகிற வழியில் மட்டும் நான் ஆறு எண்ணினேன். நகைக்கடன் கம்பெனிகளையும், 'சேட்டு கடை'களையும் இதில் சேர்க்கவில்லை.

எங்கள் அப்பா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் காலத்தில் வங்கி என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தால், பேர் கூப்பிடுவதற்குள் அரை நாள் ஓடிவிடும். மேனேஜர் ரூமுக்குள் போகிறபோது அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போவார். கோயிலா அது, கடன் வாங்குகிற இடமா என்று எனக்குச் சின்ன வயதில் குழப்பம்.

இப்போது ஆறு போர்டு. ஏ.டி.எம். தனி. போனைத் தட்டினால் பணம் பறக்கிறது. 'போட்டி வந்திடுச்சு, வாடிக்கையாளர்தான் ராஜா' என்று இதே பக்கத்தில் நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன். பி.காம். படித்தவன் என்கிற திமிர் வேறு. அந்தத் திமிர் என் தம்பியை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

தம்பிக்கு ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். ஆம்பூர், ராணிப்பேட்டை பெரிய கம்பெனிகளிலிருந்து வெட்டிய தோல் வரும். ஓரத்தைச் சீவி, ஒட்டி, தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பதினெட்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை சாயந்திரம் சம்பளம். கம்பெனியிலிருந்து பணம் வர இரண்டு மாதம்கூட ஆகும். சனிக்கிழமை மட்டும் தவறாமல் வந்துவிடும்.

2023 ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி போன் செய்தான்.

“இன்னாண்ணா இது, மெஷின் லோனுக்கு வட்டி ஏறிக்கினே கீது? போன மே மாசத்திலிருந்து மூணு தடவை மெசேஜ் வந்திடுச்சு.”

அவன் சொன்னது வாஸ்தவம். 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி படிப்படியாக ஏற்றி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. குறு, சிறு தொழில்களுக்கான மிதக்கும் வட்டிக் கடன்களை இப்படிப்பட்ட வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்பது 2019 அக்டோபரிலிருந்து விதி. ஆகவே அங்கே ஏறினால் இங்கேயும் ஏறும்.

“எவ்வளவு பாக்கி?”

“இருபத்திரண்டு லட்சம். பதினொன்னே கால் பர்சன்ட். எதிர்ல இருக்கிற பேங்க்ல பத்துக்குத் தர்றோம்னு சொல்றாங்க.”

கால்குலேட்டரைக்கூட எடுக்கவில்லை நான். ஒன்றேகால் சதவீத வித்தியாசம், வருஷத்துக்கு இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். “ஊர்ல ஆறு பேங்க் இருக்குடா. அவங்கதான் உன் பின்னாடி வரணும். மாத்திடு!” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டேன்.

தம்பி கதை அப்படியே நிற்கட்டும். ஆறு போர்டு இருந்தால் போட்டி இருக்கிறது என்று அர்த்தமா? பொருளாதார நிபுணர்கள் இதை எப்படி அளக்கிறார்கள்?

தலை எண்ணுகிற வித்தை

ரொம்ப பிரபலமான அளவுகோலுக்கு ஹெர்ஃபிண்டால் - ஹிர்ஷ்மன் குறியீடு என்று பெயர். பெயர்தான் வாயில் நுழையாது, கணக்கு ஆறாம் கிளாஸ் பையன் போடுவான். ஒவ்வொரு வங்கியின் சந்தைப் பங்கையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். ஊருக்கு ஒரே வங்கி என்றால் நூறை நூறால் பெருக்கி 10,000. சம அளவில் நூறு வங்கிகள் இருந்தால் வெறும் 100. எண் பெரிதாக ஆக, சந்தை சிலர் கையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் குறியீட்டுக்கு யார் அப்பா என்பதில் ஒரு பஞ்சாயத்து வேறு. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1945-ல் உலக வர்த்தகம் பற்றிய புத்தகத்தில் இதுபோல ஒன்றைப் போட்டுவைத்தார். ஐந்து வருஷம் கழித்து ஹெர்ஃபிண்டால் எஃகுத் தொழிலை ஆராய்ந்தபோது பயன்படுத்தினார். பெயர் அவருக்குப் போய்விட்டது. பொறுக்கமுடியாத ஹிர்ஷ்மன், 1964-ல் 'இந்தக் குழந்தைக்கு நான்தான் தகப்பன்' என்கிற ரீதியில் ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். கடைசியில் இரண்டு பேரையும் சேர்த்துச் சமாதானம் செய்துவிட்டார்கள்.

இப்போது கற்பனையாக ஒரு பஜார் வீதி. ஐந்து வங்கிகள். அந்த ஊர்க் கடன்களில் அவற்றின் பங்கு 30, 25, 20, 15, 10 சதவீதம். பெருக்கிக் கூட்டினால் 2,250. திடீரென்று 25-ம் 20-ம் ஒன்றாகிவிடுகின்றன என்று வையுங்கள். 3,250! ஒரே இரவில் ஆயிரம் ஏறிவிட்டது. அமெரிக்காவில் 2023-ல் வந்த இணைப்பு விதிமுறைகளின்படி எண் 1,800-ஐத் தாண்டி, இணைப்பால் நூறுக்கு மேல் ஏறினாலே 'இது போட்டியைக் கெடுக்கும்' என்ற அனுமானத்தோடுதான் பார்ப்பார்கள்.

கற்பனை வீதி எதற்கு, நம் ஊரிலேயே நடந்ததுதானே என்கிறீர்களா? சரிதான். 2017 ஏப்ரல் 1-ல் ஸ்டேட் வங்கி தன் துணை வங்கிகளை விழுங்கியது. 2019-ல் விஜயா, தேனா இரண்டும் பேங்க் ஆஃப் பரோடாவுக்குள் போயின. 2020 ஏப்ரல் 1-ல், நாடே ஊரடங்கில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, சிண்டிகேட் கனராவோடும், ஆந்திராவும் கார்ப்பரேஷனும் யூனியன் வங்கியோடும், அலகாபாத் நம் இந்தியன் வங்கியோடும், ஓரியண்டலும் யுனைடெட்டும் பஞ்சாப் நேஷனலோடும் ஐக்கியமாகிவிட்டன. 2017-ல் 27 ஆக இருந்த பொதுத்துறை வங்கிகள் 12 ஆயின.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தியா முழுவதுக்கும் கணக்குப் போட்டால் அந்த 1,800-ஐ எட்டுவதில்லை. ஸ்டேட் வங்கியின் பங்கு ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல். அதைப் பெருக்கினால் ஐந்நூறு சொச்சம். மற்றவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் பெரிதாக ஏறாது. 'பார்த்தீர்களா, போட்டி ஜோராக இருக்கிறது' என்று டெல்லியில் உட்கார்ந்து சொல்லிவிடலாம்.

ஆனால் என் தம்பி இந்தியா முழுவதிலும் கடன் கேட்க முடியுமா? 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் விட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. அந்தப் பெருமையெல்லாம் சரி. அதற்காக, பதினெட்டு பேர் வேலை செய்கிற பட்டறைக்காரன் ரயிலேறிப் போய் மும்பையில் கடன் கேட்டால் எவன் கொடுப்பான்? பட்டறையை நேரில் பார்த்த, சரக்கு வந்து போவதை அறிந்த, அப்பா யார் என்று தெரிந்த பக்கத்து ஊர் மேனேஜர்தான் அவனுக்கு வங்கி. அவனுடைய சந்தை வாலாஜாவில் தொடங்கி ராணிப்பேட்டை, ஆற்காட்டோடு முடிந்துவிடுகிறது.

இதை 1963-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிலடெல்ஃபியா நகரில் இரண்டாவது பெரிய வங்கியும் மூன்றாவது பெரிய வங்கியும் சேரப் பார்த்தன. நாடு முழுக்கப் பார்த்தால் அவை ஒன்றுமே இல்லை. ஆனால் வாடிக்கையாளர் எந்த வட்டாரத்துக்குள் வங்கியைத் தேடமுடியுமோ அதுதான் சந்தை என்று நான்கு கவுன்ட்டிகளை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்த்தார்கள். அங்கே முப்பது சதவீதத்துக்குக் குறையாமல் ஒரே கைக்குப் போகிறது என்று தெரிந்ததும் 'கூடாது' என்று நிறுத்திவிட்டார்கள்.

நம்மிடமும் போட்டி ஆணையம் இருக்கிறது. 2002-ல் போட்ட சட்டம். ஆனால் தேசியமயமான வங்கிகளின் இணைப்புக்கு மட்டும் அதன் பரிசீலனையிலிருந்து பத்து வருஷம் விலக்கு என்று 2017 ஆகஸ்டில் அரசாங்கம் அறிவித்துவிட்டது. 'இந்தக் கடைத்தெருவில் என்ன ஆகும்?' என்று கேட்கவேண்டிய அவசியமே ஆணையத்துக்கு இல்லாமல் போயிற்று.

டீக்கடை சொல்லும் பாடம்

சரி, தலையை எண்ணுவதை விட்டுவிட்டு விலையைப் பார்க்கலாமே என்று சிலர் யோசித்தார்கள். அதில் ஒரு சிக்கல். நான்கு டீக்கடை. நான்கிலும் டீ 12 ரூபாய். இது கடும் போட்டியா, கள்ள ஒப்பந்தமா? ஒருவன் ஒரு ரூபாய் ஏற்றினாலும் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்று பயந்தாலும் எல்லா இடத்திலும் 12தான். நான்கு பேரும் ராத்திரி உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தாலும் 12தான். போர்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

டீக்குச் செலவே எட்டு ரூபாய்தான் என்று தெரிந்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். விலைக்கும், கூடுதலாக ஒரு டீ போட ஆகும் செலவுக்கும் உள்ள இடைவெளியை விலையால் வகுப்பது 1934-ல் லெர்னர் சொன்ன வழி. பன்னிரண்டில் நாலு, மூன்றில் ஒரு பங்கு. இடைவெளி பெருத்தால் கடைக்காரர் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் ஒரு வங்கிக்கு இன்னொரு லட்சம் கடன் கொடுக்க உண்மையில் என்ன செலவு என்று வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்?

அதற்குத்தான் பன்சார், ரோஸ் என்ற இருவர் வேறு உபாயம் சொன்னார்கள். விலையைப் பார்க்காதே, பால் விலை ஏறும்போது கடையில் என்ன நடக்கிறது என்று பார்! முழுப் போட்டி இருந்தால் யாருக்கும் உபரி லாபம் இருக்காது. செலவு பத்து சதவீதம் ஏறினால் காலப்போக்கில் வருமானமும் அதே பத்து ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஊருக்கு ஒரே டீக்கடை என்றால் நிலைமை வேறு. அவர் ஏற்கெனவே ஜனங்கள் தாங்குகிற உச்சிக்கு விலையை ஏற்றிவைத்திருப்பார். இன்னும் ஏற்றினால் ஆட்கள் குறைந்து மொத்த கல்லாவும் இறங்கும். ஆக, செலவோடு வருமானமும் சேர்ந்து ஏறினால் அளவு 1, முழுப் போட்டி. எதிர்த்திசையில் போனால் பூஜ்யத்துக்குக் கீழே, ஏகபோகம். நடுவில் நின்றால் பாதிப் போட்டி.

வங்கிக்குப் பால் எது? நாம் போடுகிற டெபாசிட்டின் வட்டி, ஊழியர் சம்பளம், கட்டட வாடகை. 2005-ல் ஐ.எம்.எஃப். வெளியிட்ட ஆய்வுத் தாள் ஒன்று இந்திய வங்கிகளை இப்படி அளந்து, நாம் நடுவில் நிற்கிறோம் என்றது. போட்டி உண்டு, ஆனால் ஒவ்வொரு வங்கிக்கும் தனக்கென்று ஒரு சின்ன ராஜ்யமும் உண்டு.

இதெல்லாம் பெரிய படிப்பு என்று தோன்றினால் உங்கள் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சேமிப்புக் கணக்குக்கு எவ்வளவு வட்டி என்பதை வங்கிகளே முடிவு செய்துகொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2011 அக்டோபரில் விட்டுவிட்டது. உடனே யெஸ் பேங்க் 6 சதவீதம் என்று களத்தில் குதித்தது. பெரிய வங்கிகள் அசைந்தனவா? ஸ்டேட் வங்கி 4 சதவீதத்திலேயே நின்றது. 2017-ல் அதையும் மூன்றரையாக்கியது. 2025-ல் ரெப்போ இறங்க ஆரம்பித்ததும், ஜூன் மாதத்தில் பெரிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக 2.5-க்கு வந்து சேர்ந்தன. எல்லாக் கடையிலும் ஒரே விலை.

நாமும் யாரும் கணக்கை மாற்றவில்லை. சம்பளம் அங்கே வருகிறது, கேஸ் மானியம் அங்கே, ஆதார் அங்கே, எல்.ஐ.சி. பிடித்தம் அங்கே. போனால் போகட்டும் என்று இருந்துவிட்டோம். நாம் நகரமாட்டோம் என்பது வங்கிக்கும் தெரியும்.

தம்பி என்ன ஆனான்?

என் யோசனையைக் கேட்டு எதிர் வங்கியில் மனு போட்டான். அவர்களும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். பழைய வங்கியில் போய் 'கடனை மாற்றிக்கொள்கிறேன்' என்று சொன்னபோதுதான் ஒப்பந்தத்தைத் திறந்து காட்டினார்கள். முன்கூட்டியே அடைத்தால் பாக்கியில் 4 சதவீதம். எண்பத்தெட்டாயிரம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 15,840. ஆக மொத்தம் ஒரு லட்சத்து மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது.

வருஷத்துக்கு இருபத்தேழாயிரத்து ஐந்நூறு மிச்சம் பிடிக்க இவ்வளவு கட்டணும்! அசல் குறையக் குறைய அந்த மிச்சமும் குறையும். தவணையே மூன்றரை வருஷம்தான் பாக்கி. எப்படிப் போட்டாலும் நஷ்டம். தனிநபர்களின் மிதக்கும் வட்டி வீட்டுக் கடனுக்கு இந்தக் கட்டணத்தை 2012-லேயே ரிசர்வ் வங்கி தடை செய்திருந்தது. எனக்கு அது தெரியும். தொழில் கடனுக்கு அந்தச் சலுகை இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி நான் அவனிடம் கேட்டிருக்கலாம்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மெஷின் லோனும், அன்றாடச் செலவுக்கான சி.சி. லிமிட்டும் ஒரே வங்கியில். 'நீங்கள்தான் போகப்போகிறீர்களே' என்று சி.சி. புதுப்பிக்கிற ஃபைல் மேஜையிலேயே கிடந்தது. வீட்டுப் பத்திரம் அவர்களிடம். தடையில்லாச் சான்று இன்று, நாளை என்று ஆறு வாரத்துக்கு மேல் இழுத்தது. சரியாக ஆர்டர் வருகிற சமயம். அந்த வங்கியின் பெயர் வேண்டாம். மேனேஜரும் கெட்டவர் இல்லை. போகிறேன் என்பவனின் ஃபைலுக்கு எந்த ஆபீஸிலும் அவசரம் இருக்காது.

மூன்று சனிக்கிழமை தம்பி பெண்டாட்டியின் வளையல்கள்தான் சம்பளம் போட்டன. நாலு வளையல், நகைக்கடன் கம்பெனியில். பாதி ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டது. கடைசியில் பழைய வங்கிக்கே போய் 'மாற்றவில்லை சார்' என்று எழுதிக் கொடுத்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தம்பி செருப்போடு போகிறான். ஆனால் வெளியே வரும் வழி இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சந்தையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, உள்ளே வருவதும் வெளியே போவதும் எவ்வளவு சுலபம் என்பதுதான் முக்கியம் என்று 1982-ல் பௌமல் என்ற பொருளாதார நிபுணர் வாதம் செய்தார். அவர் பேசியது கம்பெனிகளைப் பற்றி. வாடிக்கையாளருக்கும் அது பொருந்தும் என்று நான் சொல்வேன். கடன் மாற்ற எத்தனை நாள், எவ்வளவு பணம்? அதை அளந்தால் ஊரில் போட்டி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ரிசர்வ் வங்கிக்கும் இது மெல்ல உறைத்திருக்கிறது. தனிநபர்கள் சொந்தத் தேவைக்கு வாங்கிய கடனை முழுக்க அடைத்த 30 நாளுக்குள் சொத்துப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு. இது 2023 டிசம்பரிலிருந்து. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மிதக்கும் வட்டிக் கடன்களில், தனிநபர்களின் தொழில் கடனுக்கும் குறு, சிறு தொழில்களின் கடனுக்கும் வணிக வங்கிகள் முன்கூட்டி அடைப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. சிறிய நிதி வங்கிகள், கிராம வங்கிகள் போன்றவற்றுக்கு இந்தத் தடை 50 லட்சம் வரையிலான கடனுக்கு உண்டு. தம்பிக்கு இந்தக் கட்டணத் தடை தாமதமாக வந்த தர்மம்.

'அப்படியானால் போட்டி எவ்வளவு இருந்தாலும் நல்லதுதானே?' என்று கேட்காதீர்கள். 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி மூழ்கியபோது எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்த வயிற்றெரிச்சலில்தான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. 6 சதவீதம் தந்த யெஸ் பேங்கில் 2020 மார்ச்சில் ஐம்பதாயிரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்றார்கள். அதே வருஷம் நவம்பரில், 1926-ல் கரூரில் பிறந்த நம் லட்சுமி விலாஸ் வங்கிக்கு 25,000 வரம்பு. பத்தே நாளில் அது டி.பி.எஸ். ஆகிவிட்டது. டெபாசிட் பத்திரமாக இருந்தது, பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பைசா இல்லை. வட்டியைக் கூட்டிக்கொடுத்துப் போட்டி போடுகிறவர் எதை வைத்துக் கொடுக்கிறார் என்றும் பார்க்கவேண்டியிருக்கிறது. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைக்கும்தான் இன்ஷூரன்ஸ், 2020 பிப்ரவரியிலிருந்து.

ஆகவே, கடன் வாங்கப் போகிற வாசகர்களே, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். நடுவில் அடைத்தால் எவ்வளவு? பத்திரமும் சான்றும் எத்தனை நாளில் வரும்? இந்தக் கடனை மாற்றினால் இங்கே இருக்கிற மற்ற கணக்குகள் என்ன ஆகும்? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வட்டி எவ்வளவு என்பதை நான்காவதாகக் கேட்டால் போதும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பட்டறையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வளையல்களை எப்போதோ மீட்டுவிட்டார்கள். காபி கொண்டுவந்து கொடுத்த தம்பி மனைவி, “மாமா, இன்னொரு பேங்க்காரங்க வந்து கார்டு குடுத்துட்டுப் போனாங்க, வட்டி கம்மியாம்” என்றாள்.

கால்குலேட்டரைத் தேடிக் கை போனது. அடக்கிக்கொண்டு, “பழைய அக்ரிமென்ட்டை எடுத்துட்டு வாம்மா, முதல்ல படிக்கலாம்” என்றேன்.